ஒரு சொட்டு ஒயிலும் ஒரு மாதச் சம்பளமும்



வாகனச் சங்கதி ஆண்களுடையது என்று நீங்கள் ஒதுங்கிவிடுகிறீர்கள். ஆனால் வாகனம் கராஜுக்குப் போனால் கரைவது வீட்டுச் செலவுக்கு வைத்த பணமல்லவா? கணவர் வெளிநாட்டில் உழைக்க, வேனின் வரவு செலவைத் தாமே பார்க்கும் சகோதரிகளும் நம்மிடையே பலர். ஆகவே சற்றுக் காது கொடுங்கள்.

எங்கள் பழைய வேன் நிற்கும் இடத்தில் கருநிறத் துளிகள் விழத் தொடங்கின. கராஜில் காட்டினேன். எஞ்சினும் கியர் பொக்ஸும் சேரும் இடத்தில் ஒயில் வடிவதைக் கண்டு, "பின்பக்க ஒயில் சீல் போய்விட்டது" என்றார்கள். சீல் என்பது ஒரு சிறு வளையம்; விலை பெரிதல்ல. ஆனால் அதை மாற்றக் கியர் பொக்ஸையே இறக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. என் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி கூலியாகப் போயிற்று.

மூன்றாம் நாள் அதே இடத்தில் மீண்டும் துளி!

"கூரையில் ஓட்டை ஓரிடம், தண்ணீர் சொட்டுவது வேறிடம். மேலே துடைத்துப் பார்த்தார்களா?" என்று கேட்டார் என் மனைவி. நான் கேட்காத கேள்வி அது. வேறொரு மெக்கானிக் எஞ்சினைக் கழுவித் துடைத்து, ஓடவிட்டுப் பார்த்தார். மேலேயுள்ள டெப்பட் கவரின் இறப்பர் கேஸ்கட் சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது. அங்கிருந்துதான் ஒயில் பின்புறமாக வழிந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

ஒயில் ஒழுக்குக்கு ஒரே விலை கிடையாது. உதிரிப்பாகத்தை விட, அதை எட்டுவதற்கான உழைப்பே செலவைத் தீர்மானிக்கிறது. ஒயில் மாற்றும்போது கழற்றும் அடி நட்டின் வொஷர், சரியாகப் பொருந்தாத ஒயில் பில்டர், டெப்பட் கவர் கேஸ்கட் ஆகியன பெரும்பாலும் சிறு செலவில் தீரும். பின்பக்க சீல்தான் பணத்தை விழுங்கும். கிளச் தட்டு மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் இரண்டையும் ஒன்றாகச் செய்யுங்கள். கியர் பொக்ஸை இறக்கும் கூலி ஒருமுறையோடு முடியும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. உதிரிப்பாக விலையும் ஏறியது. பழைய வாகனத்தைப் பேணுவது நமக்குக் கட்டாயமாகிவிட்டது.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? இரவில் வாகனத்தின் கீழே ஒரு காட்போட் மட்டையை விரித்து வையுங்கள். காலையில் கபிலம் அல்லது கறுப்புக் கறை இருந்தால் அது எஞ்சின் ஒயிலாக இருக்கலாம். நிறமற்ற வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வந்ததாக இருக்கும், பயமில்லை. வாரம் ஒருமுறை, சமதரையில் எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்களின் பின் ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் செருகிப் பாருங்கள். ஒயில் இரு குறிகளுக்கும் இடையே இருக்க வேண்டும். ஓடும்போது சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் "வீடு போய்ச் சேரட்டும்" என்று எண்ண வேண்டாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஒயிலின்றி ஓடிய எஞ்சினைத் திருத்தும் செலவோடு ஒப்பிட்டால் கேஸ்கட்டின் விலை ஒன்றுமேயில்லை.

கராஜில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "கழுவித் துடைத்துப் பார்த்தீர்களா? பாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு? கழற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா?" நேர்மையான தொழிலாளி இவற்றுக்குக் கோபிக்க மாட்டார்.

வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்ததற்கு நான் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். நீங்கள் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.