அரபுத்தமிழ் எழுத்துகளும் கணினி விசைப்பலகையும்

எழுதுகோலின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் அத்தியாயத்தை ஓதி வருகின்ற சமுதாயம் நாம். எழுத்தை அமானிதமாகக் கருதியவர்கள் நம் முன்னோர். ஓர் எழுத்தின் மேலோ கீழோ இடப்படும் புள்ளி இடம் மாறினால் பொருளே மாறிவிடும் என்பதை அரபி படித்த எவரும் அறிவர். பா, தா, ஸா ஆகிய மூன்றுக்கும் உருவம் ஒன்றே. வேறுபடுத்துவது புள்ளி மட்டுமே. தொடக்கக் காலத்துக் குர்ஆன் பிரதிகள் பெரும்பாலும் புள்ளிகளின்றியே எழுதப்பட்டன. அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் இஸ்லாத்தில் இணைந்தபோதுதான் பிழையின்றி ஓதுவதற்குக் குறிகள் தேவைப்பட்டன. ஹிஜ்ரி 69இல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) உயிரொலிக் குறிகளுக்கு வழிகாட்டினார் என்றும், நஸ்ர் இப்னு ஆஸிம், யஹ்யா இப்னு யஃமர் ஆகியோர் எழுத்துகளைப் பிரித்தறியும் புள்ளிகளை ஒழுங்குபடுத்தினர் என்றும், கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) இன்று நாம் காணும் ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா வடிவங்களைத் தந்தார் என்றும் அறிஞர்கள் கூறுவர்.

அப்புள்ளியின் வரலாறு அரபு மண்ணோடு முடிந்துவிடவில்லை. இஸ்லாம் சென்ற இடமெல்லாம் அரபு எழுத்து சென்றது. சென்ற இடத்து மொழியின் ஒலிகளுக்காகப் புதிய புள்ளிகளை ஏற்றது. பாரசீகர் ஜீமுக்கு மூன்று புள்ளி வைத்துச் சகரம் கண்டனர். மலாய் மக்கள் அய்னின் மேல் மூன்று புள்ளி வைத்து ஙகரத்தை எழுதினர். தமிழ் முஸ்லிம்களும் இவ்வாறே செய்தனர். அதன் பயனே அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் வழங்கும் எழுத்துமுறை.

முன்னோர் கண்ட எழுத்துகள்

அரபியில் பகரம் இல்லை. எனவே ஃபாவின் மேற்புள்ளியை அப்படியே விட்டு, கீழே ஒரு புள்ளி சேர்த்துப் பகரமாக்கினர். நூனின் கீழ் ஒரு புள்ளி வைக்க ணகரம் கிடைத்தது. ராவின் கீழ்ப் புள்ளி வைக்க றகரம் வந்தது. அய்னின் கீழ் மூன்று புள்ளிகள் ஙகரம் ஆயின. காஃபின் கீழ்ப் புள்ளி, மெலிந்தொலிக்கும் ககரத்தைக் குறித்தது. சகரத்திற்குப் பாரசீகர் வழியே வந்த மூன்று புள்ளி ஜீமை எடுத்துக்கொண்டனர். எகர ஒலிக்காக, தலைகீழாகத் திருப்பிய ளம்மாவை எழுத்தின் கீழே இட்டனர். நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகள் உண்டெனினும் முறை இதுவே.

ழகர, ளகரங்களுக்கு அவர்கள் தேர்ந்த எழுத்து நம் சிந்தனைக்குரியது. அது ளாதின் கீழ்ப் புள்ளி வைத்த எழுத்து. தமிழகத்து முஸ்லிம்கள் ரமளான் என்றும், இலங்கையர் ரமழான் என்றும் எழுதுவது ஏன் என்று வினவுவோர்க்கு இதில் விடை இருக்கிறது. ளாதின் ஒலிக்கு நெருங்கியவையாக நம் நாவு கண்டவை இவ்விரு தமிழ் ஒலிகளே. அதே உறவை அவர்கள் எழுத்திலும் பதிந்து வைத்தனர்.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816–1898) போன்ற பெரியோர் இவ்வெழுத்தில் மார்க்க நூல்களை இயற்றினர். தமிழ் எழுத்து அறியாத பெண்களும், குர்ஆன் ஓதக் கற்ற பழக்கத்தைக் கொண்டே இந்நூல்களைப் படித்தனர். நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊர்களான கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், கோபாலப்பட்டினம் பகுதிகளில் பழைய வீட்டுப் பெட்டிகளைத் திறந்தால், அட்டை கழன்ற கிதாபு ஒன்றேனும் வெளிவருவதை நாம் கண்டிருக்கிறோம். அவற்றுள் பல கல்லச்சில் பதிப்பிக்கப்பெற்றவை. கல்லச்சில் எழுதுபவரின் கையே அச்சாக மாறுவதால், எப்புள்ளியை எங்கு வைக்கவும் தடை இருக்கவில்லை. தடை பிற்காலத்தில்தான் வந்தது.

ஒரு சிறு நூல் கற்பித்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், தூய்மை பற்றிய பழைய அரபுத்தமிழ்ச் சிறுநூல் ஒன்றை மாணவர்களுக்காக மறுபதிப்புச் செய்ய விழைந்தோம். கணினியில் எழுத்துக் கோக்கும் ஓரிடத்தில் கொடுத்தோம். அங்கிருந்தவர் அரபு விசைப்பலகை நன்கு அறிந்தவரே. ஆனால் அதில் இல்லாத எழுத்துகளை என்செய்வது? சில இடங்களில் வெற்றுக் கட்டங்கள் தோன்றின. ஏனைய இடங்களில் அவர் நெருங்கிய எழுத்தை இட்டுவிட்டார், கீழ்ப்புள்ளி போயிற்று.

அப்படியை வகுப்பில் வாசித்தபோது, தண்ணீரின் நிறம், சுவை, மணம் மாறினால் என்னும் சட்டம், 'நிறம், சுவை, மனம்' என்று நின்றது. நூனின் கீழ்ப் புள்ளி விழுந்ததால் வந்த வினை. அடுத்த பக்கத்தில் ஆடையிலுள்ள கறையை நீக்க வேண்டும் என்றிருந்தது, 'கரையை நீக்க வேண்டும்' என்று மாறியிருந்தது. மாணவர் ஒருவர் எழுந்து, "வேட்டியின் கரையைக் கிழித்துவிட்டா தொழ வேண்டும், ஹஜ்ரத்?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். எனினும் உள்ளம் உறுத்தியது. மூல நூல் கைவசம் இருந்ததால் பிழையைக் கண்டோம். மூலம் கறையானுக்கு இரையான பின் இப்படி மட்டும் எஞ்சியிருந்தால், அடுத்த தலைமுறை எதைச் சட்டமென்று கொள்ளும்?

குறியெண், எழுத்துரு, விசை

பிழை எங்கு நேர்ந்தது என்பதை அறியக் கணினியின் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். கணினி எழுத்தை உருவமாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் பொதுவாக எண் வழங்கும் ஏற்பாடே ஒருங்குறி எனப்படும் யூனிகோட். அவ்வெண்ணுக்கு உருவம் தருவது எழுத்துரு. அவ்வெண்ணை விரலால் அழைக்க உதவுவது விசைப்பலகை. இம்மூன்றும் வெவ்வேறானவை. எண் இருந்தும் எழுத்துருவில் வடிவம் இல்லையெனில் கட்டம் தோன்றும். இரண்டும் இருந்தும் விசை இல்லையெனில் எழுத்து அழைப்பாரற்றுக் கிடக்கும்.

இங்கே அரபு எழுத்துக்குரிய விதியொன்று உண்டு. ஃபத்ஹா, கஸ்ரா போன்ற குறிகள் தனி எண் பெற்றவை. எந்த எழுத்தின் மீதும் ஏறி அமரும். எழுத்தைப் பிரித்தறியும் புள்ளியோ அவ்வாறன்று. புள்ளியும் எழுத்தும் சேர்ந்த முழுமைக்கே ஓர் எண் வழங்கப்படுகிறது. ஆகவே, நூனை அடித்துப் பின் ஒரு புள்ளியை ஒட்டவைப்பது ஒருங்குறியின் முறையன்று. கீழ்ப்புள்ளி நூன் வேறோர் எழுத்தாகவே கருதப்படும். பிற மொழிகளின் பொருட்டு ஏற்கெனவே இடம்பெற்றிருந்த வடிவங்கள் பல அரபுத்தமிழுக்கும் பயன்பட்டன. எவர்க்கும் தேவைப்படாத வடிவங்களுக்கு எண்ணே இல்லாதிருந்தது.

2015 ஜூன் மாதம் வெளியான ஒருங்குறியின் 8.0 பதிப்பில் இக்குறை நீங்கியது. அய்னின் கீழ் மூன்று புள்ளி, காஃபின் கீழ் ஒரு புள்ளி, கீழே இடும் தலைகீழ் ளம்மா ஆகியவை அரபுத்தமிழுக்கென்றே சேர்க்கப்பட்டன. அல்ஹம்துலில்லாஹ். கல்லச்சில் வாழ்ந்த எழுத்துகள் கணினி உலகிலும் முகவரி பெற்றன. ஆனால் இச்செய்தி நம் மதரஸாக்களின் வாயிலை இன்னும் எட்டவில்லை என்றே தோன்றுகிறது.

அடிக்கும் முறை

எளிய வழி முதலில். வேர்டு செயலியில் எழுத்தின் குறியெண்ணை அடித்து, உடனே ஆல்ட் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தினால் எண் மறைந்து எழுத்து தோன்றும். 0686 என்று அடித்து இவ்வாறு செய்தால் சகரத்திற்குரிய மூன்று புள்ளி ஜீம் வரும்; 0694 என்றால் கீழ்ப்புள்ளி ரா வரும். ஓரிரு சொற்களுக்கு இது போதும். ஒரு நூலுக்குப் போதாது.

நூல் அடிப்போர்க்கு உகந்தது தனி விசைப்பலகை அமைப்பு. மைக்ரோசாஃப்டின் விசைப்பலகை ஆக்கி, கீமேன் ஆகிய இலவச மென்பொருள்களைக் கொண்டு, கணினித் துறை சாராதவரும் இதனை அமைத்துக்கொள்ள இயலும். நாம் பரிந்துரைப்பது இம்முறை: வழக்கமான அரபு விசைப்பலகையை அப்படியே வைத்துக்கொண்டு, வலப்பக்க ஆல்ட் விசையுடன் மூல எழுத்தை அழுத்தினால் அதன் கீழ்ப்புள்ளி வடிவம் வருமாறு செய்தல். அரபு விசைப்பலகையில் நூன் இருப்பது ஆங்கிலக் 'கே' விசையில். வலது ஆல்ட்டுடன் அதனை அழுத்தினால் ணகரம். ரா இருப்பது 'வி' விசையில்; அவ்வாறே அழுத்தினால் றகரம். ஃபா 'டி' விசையில், ளாத் 'கியூ' விசையில், அய்ன் 'யு' விசையில் உள்ளன. முன்னோர் எந்த எழுத்திலிருந்து எதைக் கண்டனரோ, விரலும் அதே வழியில் செல்லும். மனனம் செய்ய வேண்டிய பாரம் இராது. உயிரொலிக் குறிகளுக்குப் புதிதாக எதுவும் வேண்டியதில்லை. ஷிஃப்ட்டுடன் 'கியூ' ஃபத்ஹா, 'ஏ' கஸ்ரா, 'இ' ளம்மா, 'எக்ஸ்' சுக்கூன்.

எழுத்துருவைப் பொறுத்தவரை, விரிவான அரபு எழுத்துகளைத் தாங்குவனவற்றையே தேர்தல் வேண்டும். எஸ்.ஐ.எல். நிறுவனம் இலவசமாக வழங்கும் ஷஹரஸாத் நியூ அவற்றுள் ஒன்று.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, ஒத்த உருவம். அரபு யாவும் பாரசீக யாவும் சொல்லின் நடுவில் ஒன்றேபோல் தோன்றும். அரபுக் காஃபும் உருதுக் காஃபும் அவ்வாறே. கண்ணுக்கு ஒன்றாயினும் கணினிக்கு வெவ்வேறு எண்கள். உருது விசைப்பலகையில் பாதியும் அரபு விசைப்பலகையில் பாதியும் அடித்த நூலில், ஒரு சொல்லைத் தேடினால் பாதி இடங்களே அகப்படும். பகரத்திற்கு உருதுவின் பேயை இடுவதும் தவறே. அது நம் முன்னோர் எழுதிய எழுத்தன்று.

இரண்டாவது, ஸலவாத்துக் குறி. நாம் தமிழில் (ஸல்) என்று சுருக்கி எழுதுகிறோம். ஸலவாத்து முழுவதையும் ஒரே எழுத்தாக ஒருங்குறி வைத்திருக்கிறது. வேர்டில் ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்புற எண்பலகையில் 65018 என்று அடித்தால் அது தோன்றும். விரித்தால் இடைவெளி உட்படப் பதினெட்டு எழுத்துகள் அதனுள் அடக்கம். அலைஹிஸ்ஸலாம், ரளியல்லாஹு அன்ஹு போன்றவற்றுக்கும் 2021இல் வெளியான 14.0 பதிப்பில் தனிக்குறிகள் வந்துள்ளன. எனினும் பழைய எழுத்துருக்களில் இவை கட்டமாக மாறக்கூடும். கண்ணியத்திற்குரிய பெயரின் பக்கத்தில் வெற்றுக் கட்டம் நிற்பதைக் காட்டிலும் (ஸல்) என எழுதுவதே மேல். அச்சுக்கு முன் சரிபார்த்தல் கடமை.

நம் பொறுப்பு

எழுத்து இல்லை என்று சொல்லித் தப்பிக்க 2015க்குப் பின் நமக்கு வழியில்லை. எண் இருக்கிறது, எழுத்துரு இருக்கிறது, விசையை நாமே அமைக்கலாம். குறைந்து வருவது ஒன்றே. அது, இவ்வெழுத்தைத் தடையின்றி வாசிக்கும் முதியோர். இயந்திரம் புள்ளியை இடும். அது மணமா மனமா என்று சொல்ல அவர்களே வேண்டும்.

ஒவ்வோர் அரபிக் கல்லூரியும் தன் ஊர்ப்பகுதியில் கிடைக்கும் கிதாபு ஒன்றையேனும் எடுத்து, முதலில் அதனைப் படமெடுத்துப் பாதுகாத்து, பின் இரு மாணவரைக் கொண்டு அதன் சொந்த எழுத்துகளிலேயே அடிக்கச் செய்து, வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் ஒப்புநோக்கினால், ஓராண்டில் ஒரு நூல் மீளும். மேலே குறிப்பிட்ட சிறுநூலை நாம் இம்முறையில் மீண்டும் அடிக்கத் தொடங்கியிருக்கிறோம். இம்முறை மணம் மணமாகவும், கறை கறையாகவும் நிற்கும், இன்ஷா அல்லாஹ்.