இலை காய்வதும் மருந்து தங்குவதும்

பறித்த இலை உடனே அடங்கிவிடுவதில்லை. ஈரம் இருக்கும்வரை அதற்குள் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. துவர்ப்புத் தரும் பாலிஃபீனால்களை ஆக்சிஜனோடு சேர்த்துக் கறுக்க வைப்பவை அவைதாம். குவித்துப் போட்ட கீரை ஒரே இரவில் புழுங்கி நிறம் மாறுவது இதனால்தான். ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நொதி ஓயும், பூஞ்சையும் அண்டாது. அந்த நிலைக்கு இலை எவ்வளவு வேகத்தில், எவ்வளவு சூட்டில், எவ்வளவு வெளிச்சத்தில் போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தே அதன் மருந்து மிஞ்சும்.

சித்தேரி மலையும் வத்தல்மலையும் உள்ள தருமபுரி மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கோடை நடுப்பகலில் சிமெண்டுக் களத்தின் சூடு 50 டிகிரியைத் தாண்டும். புளிக்கும் ராகிக்கும் அந்தச் சூடு ஒத்துவரும். மூலிகை இலைக்கு ஆகாது. துளசியின் மணமுள்ள எண்ணெய் இலைப் பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் தேங்கியிருக்கிறது. சூடு ஏறினால் அது காற்றோடு போய்விடும். துளசி காயும் களம் கமகமவென்று மணந்தால், இலையில் இருக்க வேண்டியது வெளியேறுகிறது என்று பொருள். துளசிக்கு 40 டிகிரியைத் தாண்டாத நிழலே நல்லது.

முருங்கையின் சிக்கல் வேறு. பச்சைக் கீரையில் நிறைந்திருக்கும் வைட்டமின் சி, வெயிலில் காயவைத்தாலும் நிழலில் காயவைத்தாலும் பெரும்பகுதி அழிந்துவிடும். வைட்டமின் ஏ-வுக்கு மூலமான பீட்டா கரோட்டினை நேர்வெயில் சிதைக்கும், நிழல் ஓரளவு காக்கும். இரும்பும் கால்சியமும் எந்த முறையிலும் குறையாது. சிறுகுறிஞ்சானில் உள்ள ஜிம்னீமிக் அமிலங்களோ, துளசி எண்ணெயைப்போல் ஆவியாகாதவை. இலையை மென்றபின் வாயில் போட்ட சர்க்கரை மணல்போல் இனிப்பற்றுப் போவது அவற்றின் வேலை.

விலையுயர்ந்த முறைதான் எப்போதும் சிறந்தது என்பதும் சரியல்ல. உறையவைத்து வெற்றிடத்தில் நீரை நீக்கும் முறை, மணத்தையும் வைட்டமினையும் நன்றாகவே காக்கிறது. ஆனால் தென்மாவட்டங்களில் விளையும் நிலாவாரையில், பேதி மருந்தான சென்னோசைடு பெருமளவு உருவாவதே இலை மிதமான சூட்டில் மெல்லக் காயும்போதுதான். உறையவைத்து உலர்த்தினால் நொதிக்கு அந்த அவகாசம் கிடைக்காது, மருந்தும் குறைந்துவிடும். இலைக்குள் இருப்பது என்னவென்று அறியாமல் காயவைக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பது வீண் உழைப்பு.

பருவமழை நாள்களில் நிழலை மட்டும் நம்ப முடியாது. காற்றில் ஈரம் மிகுந்து, இலை நாள்கணக்கில் துவண்டு கிடந்து பூசணம் பிடிக்கும். அப்போது சோலார் உலர்த்தி கைகொடுக்கும். அதிலும், வெயில் இலைமேல் விழாமல் சூடான காற்று மட்டும் உள்ளே போகும் அமைப்பே மூலிகைக்கு ஏற்றது.

இலையைக் கழுவி நீரை வடித்து, தரையிலிருந்து உயர்த்திய வலைத்தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, அவ்வப்போது புரட்ட வேண்டும். இலைப்பரப்பு நொறுங்குவதைப் பார்த்து அவசரப்படக் கூடாது. காம்பும் நடுநரம்பும்தான் கடைசியில் காய்பவை. காம்பு வளைந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது. சட்டென ஒடிந்தால், வெளிச்சம் படாத டப்பாவில் முழு இலையாகவே போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, வேண்டும்போது மட்டும் பொடித்துக்கொள்ளலாம்.