வேலிக்கு அப்பால்

பள்ளி விடுமுறையில் யானை பார்க்க உடவளவைக்குச் செல்வோர் பலர். 1972ஆம் ஆண்டு அது தேசியப் பூங்காவாக்கப்பட்டபின், அங்கே சேனைப் பயிர் செய்தோர் படிப்படியாக வெளியேற்றப்பட்டனர். இன்று ஜீப் ஓட்டியும் விடுதி நடத்தியும் அயற்கிராமத்தார் சிலர் பிழைக்கின்றனர். ஆயினும், பகலில் நாம் கண்டு களிக்கும் யானையே இரவில் வேலி கடந்து தோட்டத்தை அழிக்கின்றது.

தெருவோர மின்வேலியருகே நின்று பிரயாணிகள் பழம் நீட்டுவதனால், அவ்விலங்கு மனிதருக்கு அஞ்சாது வேலியை நாடப் பழகுகின்றது. நமக்கு அது கணநேர வேடிக்கை. உழவனுக்கோ ஒரு போகத்தின் உழைப்பு, சிலவேளை உயிர்.

ஆதலின் வாசகர்காள், தெருவோரக் கடையிலே பழம் வாங்குங்கள். அதுவும் ஒரு குடும்பத்தின் சோறு. ஆனால், அப்பழத்தை யானைக்கு எறியாது, உங்கள் குழந்தைகளுக்குக் கொடுங்கள்.