கரை யாருக்குப் பொது? : ரோமச் சட்டமும் பழவேற்காட்டுப் பாடும்

1996 டிசம்பர் 11 அன்று, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கில், சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் பண்ணைகள் கூடாது என்றது உச்சநீதிமன்றம். இரண்டே நாளில் அதே நீதிபதி குல்தீப் சிங், பியாஸ் ஆற்றங்கரை விடுதி வழக்கில் இன்னொரு தீர்ப்பு எழுதினார்: ஆறு, கடற்கரை, காடு, காற்று இவற்றை அரசு மக்களின் சார்பில் பொறுப்பாக வைத்திருக்கிறது; தனியார் சொத்தாக மாற்ற முடியாது. இக்கோட்பாட்டின் வேர் ரோமச் சட்டம் என்றும் சொன்னார்.

பாதிதான் சரி. கி.பி. 533இல் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டப் பாடநூல், காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவற்றை இயற்கைச் சட்டப்படி எல்லோருக்கும் பொது என்கிறது. குளிர்கால அலை உச்சமாக எதுவரை ஏறுகிறதோ அதுவரை கரை. (நம்ம 1991 கடற்கரை அறிவிக்கை உயரலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் அளந்தது இதற்குத் தூரத்துச் சொந்தம்.) ஆனால் 'அரசு ஒரு அறங்காவலர்' என்பது ரோமர் சொன்னதல்ல, ஆங்கில டிரஸ்ட் சட்டமும் அமெரிக்கத் தீர்ப்புகளும் பின்னால் ஒட்டியது.

'இயற்கைச் சட்டம்' என்பதே ஸ்டோயிக்குகளிடமிருந்து வந்த சரக்கு. உலகை நடத்தும் அறிவுதான் சட்டம் என்ற அவர்களது கருத்தைச் சிசரோ லத்தீனில் பேசினார். சட்ட அறிஞர்கள் கையில் அது சுருங்கிப்போச்சு. இயற்கைச் சட்டப்படி எல்லோரும் சுதந்திரமாகவே பிறந்தோம், அடிமைமுறை நாடுகளுக்குப் பொதுவான சட்டத்தால் வந்தது என்று எழுதிய உல்பியன்தான், இன்னொரு நூலில் அடிமை விற்பனையில் குறை மறைத்தால் என்ன பரிகாரம் என்று சாவகாசமாக விளக்குகிறார். இயற்கை அங்கே எந்தச் சட்டத்தையும் ரத்து செய்யவில்லை.

பழவேற்காட்டுக்கு வருவோம். அங்குள்ள 'பாடு', ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைத் தலைக்கட்டுகளுக்குள் சீட்டுப் போட்டு முறைவைக்கும் ஏற்பாடு. பொது என்றால் பங்கிடுவது எப்படி என்று ரோமர் யோசிக்காததை இது யோசித்திருக்கிறது. ஆனால் இதன் 'எல்லோரும்' பட்டினவர் சாதியோடு நின்றுவிடுகிறது. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்குச் சீட்டு கிடையாது. ஊர்வழக்கத்தைக் கொண்டாடும் நம் நண்பர்கள் இந்த இடத்தில் ஏனோ மௌனமாகிவிடுகிறார்கள். ரோம 'எல்லோரும்' இருளருக்கு வலை வாங்கித் தராதுதான். வழக்கத்துக்கு வெளியே நின்று பேச ஒரு சொல் தரும்.

கொஞ்சம் தெற்கே, காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்தை அதானி குழுமம் முன்வைத்தது. கரை பொது என்று மீனவர் சொன்னால், துறைமுகம் வேறு கணக்கு என்று பதில் வரலாம். ரோமரும் வேறு கணக்கில்தான் வைத்தார்கள்: ஆறும் துறைமுகமும் ரோம மக்களின் அரசுக்குரியவை. ஆனால் அதே வாக்கியம் முடிவதற்குள், ஆகவே துறைமுகத்திலும் ஆற்றிலும் மீன் பிடிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று சேர்த்துவிட்டார்கள். தீர்ப்பில் ரோமைத் தேடுகிறவர்கள் அந்த 'ஆகவே'யிலிருந்து தொடங்கலாம்.