எண்ணிப் பார்க்கச் சொன்ன ஆசான்

கொல்கத்தாவின் சால்ட் லேக்கிலிருந்து ஈஸ்டர்ன் மெட்ரோபாலிட்டன் பைபாஸ் வழியே தெற்கு நோக்கிச் சென்றால் சயின்ஸ் சிட்டி வரும். அது அமைந்துள்ள சாலை, ஜே.பி.எஸ். ஹால்டேன் என்னும் அறிவியலாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1892இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த ஹால்டேன், முதல் உலகப் போரில் பிரான்சிலும் மெசபொட்டேமியாவிலும் போரிட்டுக் காயமுற்றார். போருக்குப் பின் ஆசிரியரானார். இயற்கைத் தேர்வைக் கணிதத்தால் விளக்கிப் புகழ்பெற்றார். 1957இல் லண்டன் பேராசிரியர் பதவியைத் துறந்து, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னர் இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

விலையுயர்ந்த கருவிகள் இன்றி உயிரியல் ஆய்வு நடக்குமா? நடக்கும் என்பதே அவர் கற்பித்த பாடம். அவர் ஊக்குவித்த எஸ்.கே. ராய், பவளமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். டி.ஏ. டேவிஸ், தென்னையில் ஓலைகள் இடஞ்சுழியாக அமைகின்றனவா, வலஞ்சுழியாகவா என்று கணக்கெடுத்து, அதனைக் காய்ப்புடன் ஒப்பிட்டார். இவற்றுக்கு முதலீடு கூரிய கண்ணும் பொறுமையும் ஒரு குறிப்பேடுமே. நம் வீட்டுத் தோட்டத்திலும் பிள்ளைகள் இதனைச் செய்து பார்க்கலாம்.

1962இல், அன்று சிறுநகரமாயிருந்த புவனேஸ்வரத்திற்குச் சென்று மரபியல் ஆய்வகம் அமைத்தார். 1964 டிசம்பர் 1 அன்று அங்கேயே மறைந்தார். அவரது விருப்பப்படி, உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. இறந்த பின்னும் அவர் மாணவர்க்குப் பாடமானார்.