காந்தம் வாங்கும் வேலை

தசை: தொடர் – 11

படுக்கையில் கிடப்பவரின் தொடைத் தசை எத்தனை வேகமாகக் கரைகிறது என்று போன வாரம் பார்த்தோம். அதற்கு மருந்து உடற்பயிற்சிதான். ஆனால், நாலடி நடந்தாலே மூச்சு இரைப்பவரிடம் போய் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்ல முடியுமா? காந்தத்துக்கு வேலை இருப்பது அங்கேதான்.

காந்தம் என்றதும் காந்த வளையலும் காந்த மெத்தையும் நினைவுக்கு வந்தால், இரண்டையும் இப்போதே ஒதுக்கிவிடலாம். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைக் கூட்டும் என்பார்கள். ஹீமோகுளோபினுக்குள் இருக்கும் இரும்பு, இரும்புத்தூள் போல நடந்துகொள்வதில்லை. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் மிக மிக லேசாகத் தள்ளவே செய்கிறது. 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அரை மணி நேரம் படுத்தவர் யாரும் ரத்தம் பாய்ந்து சிவந்து வெளியே வந்ததில்லை.

தசைக்குத் தேவை காந்தத்தின் மாற்றம். காந்தப்புலம் மாறும்போது பக்கத்துக் கடத்தியில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-ல் ஃபாரடே காட்டினார். நம் உடலும் உப்பு நீர் நிறைந்த கடத்திதான். செம்புச் சுருளில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாகப் பாய்ச்சினால், ‘டக்’ என்று ஒரு சத்தம். அடியில் இருக்கும் நரம்பு தூண்டப்பட்டு, தசை சுருங்குகிறது. துணியும் தோலும் கொழுப்பும் இதைத் தடுப்பதில்லை. மின்முனை ஒட்டிக் கொடுக்கும் ‘கரண்ட்’ சிகிச்சையைப் போலத் தோல் அவ்வளவாகச் சுரீரென்பதும் இல்லை.

இங்கே ஒரு நிபந்தனை. தூண்டப்படுவது நரம்பு, தசை அதற்குக் கீழ்ப்படிகிறது. நரம்பே அறுந்துபோன தசையிடம் இந்தச் சுருள் எவ்வளவு தட்டினாலும் பதில் வராது. இதை மறைத்துவிட்டுப் பேசும் விளம்பரங்கள் உண்டு.

எனக்குப் பிடித்த விஷயம், தொடைத் தசையில் இந்தச் சுருள் முதலில் ஓர் அளவுகோலாகத்தான் பேர் வாங்கியது என்பது. தொடை வலுவை அளக்க, “முழு பலத்தோடு உதையுங்கள்” என்று நோயாளியிடம் சொல்வதே வழக்கம். வலி, பயம், சோர்வு எது இருந்தாலும் கணக்கு தப்பும்; மயக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவே முடியாது. லண்டனில் போல்கி, மோக்ஸம் குழுவினர் 1996-ல், தொடை நரம்பின் மேல் சுருளை வைத்துத் தட்டி, கால் தானாக எவ்வளவு உதைக்கிறது என்று அளந்தார்கள். நோயாளியின் மனம் குறுக்கே வராத அளவு அது.

ஒரு தட்டு அளவை என்றால், நூறு தட்டு பயிற்சிதானே? ஸ்பெயினில் கடுமையான நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு வாரக்கணக்கில் இப்படித் தொடையைச் சுருங்க வைத்துப் பார்த்தார்கள். வலு கூடியது. சின்னக் குழுதான்.

வலுவான சான்று வேறிடத்தில் இருக்கிறது. அதைப் பற்றி வெளியே பேசத்தான் கூச்சம். பிரசவத்துக்குப் பிறகு, இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசியும் பெண்கள் ஏராளம். இடுப்புத் தளத் தசைகளின் தளர்ச்சி அதற்கு முக்கியக் காரணம். மலேசியாவில் 120 பெண்களை, உடையைக் கழற்றாமலே, சுருள் பொருத்திய நாற்காலியில் வாரம் இருமுறை என இரண்டு மாதம் உட்கார வைத்தார்கள். பாதிப் பேருக்கு அது போலிச் சிகிச்சை. 2017-ல் வெளியான முடிவு: உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 75 சதவீதம் பேருக்குப் பலன், போலியில் சுமார் 22 சதவீதம். போலிக்கும் 22 என்பதைக் கவனியுங்கள். “எனக்குக் கேட்டது” என்று ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாததற்கு அதுதான் காரணம்.

வயிற்றுத் தசையைச் செதுக்கித் தருவதாக அழகு நிலையங்களில் வந்திருக்கும் எம்ஸ்கல்ப்ட் கருவியும் இதே தத்துவம்தான். அரை மணியில் சுமார் 20,000 சுருக்கம் என்கிறார்கள். 22 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் வயிற்றுத் தசையின் தடிமன் சராசரியாக 15 சதவீதம் கூடியிருந்தது. போலிச் சிகிச்சைக் குழு அதில் இல்லை. தடிமன் கூடியதை நான் நம்புகிறேன். பயிற்சியை நிறுத்தினால் எந்தத் தசையும் இளைக்கும், இதுவும் இளைக்கும். மாடிப்படி ஏறினால் நுரையீரலும் இதயமும் சேர்ந்து பழகுமே, அது இதில் கிடையாது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்கோ-ஒப்ரகோன் குழு செல்வது வேறு பாதை. ஒன்றிரண்டு மில்லி டெஸ்லா, வாரம் பத்து நிமிடம். தசை துடிக்காது; உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவைத் தட்டி எழுப்புகிறோம் என்கிறார்கள். முழங்கால் தசைநார் அறுவை முடிந்த சிலரிடம் நடந்த முன்னோட்டச் சோதனையில், தசையின் ஆற்றல் மீட்பு மேம்பட்டதற்கான அறிகுறிகள் தெரிந்தன. ஆர்வமூட்டும் விஷயம். ஆனால் மேலே சொன்ன நாற்காலியின் சான்றை இதற்குக் கடன் கொடுக்க முடியாது. இரண்டும் வேறு வேறு.

ஆகவே பிசியோதெரபி நிலையத்தில் ‘மேக்னட் தெரபி’ என்றால் முதலில் கேட்க வேண்டியது: தசை கண்ணுக்குத் தெரியச் சுருங்குமா, சுருங்காதா? அடுத்து, நீங்கள் சொல்ல வேண்டியது: பேஸ்மேக்கர், காது உள்வைப்பு, சிகிச்சை இடத்துக்குப் பக்கத்தில் உலோகத் தகடு, கர்ப்பம். இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் பக்கத்திலும் நிற்க வேண்டாம்.

அடுத்த வாரம்: தசைக்கு எவ்வளவு புரதம்?