டயட்டீஷியன் ஆக எங்கே, என்ன படிக்க வேண்டும்?

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைக் கடக்கும்போது சாலையோரக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அருகம்புல் சாறு, வாழைத்தண்டு சாறு, மூலிகை சூப், சுக்கு காபி, இளநீர். எது எந்த நோய்க்கு நல்லது என்று பல கடைகளில் அட்டையே தொங்கும். 14 கிலோமீட்டர் நடந்து வேர்த்து வருபவருக்கு இளநீர் நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் செயலிழந்து, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கிடப்பவருக்கு அதே இளநீர் இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது.

எந்த உணவு, எந்த நோயாளிக்கு, எவ்வளவு என்று கணக்குப் பார்த்துச் சொல்வதுதான் டயட்டீஷியனின் வேலை. இந்தப் படிப்பில் சேர விரும்பும் பிளஸ் டூ மாணவர்களுக்கும், 'சமையல் படிப்புதானே' என்று தயங்கும் பெற்றோருக்கும் சில விவரங்கள்.

யார் டயட்டீஷியன்?

நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் டாக்டரின் வேலை. அந்த நோய்க்கும் மருந்துக்கும் ஏற்ப உணவைத் திட்டமிடுவது டயட்டீஷியனின் வேலை. நியூட்ரிஷனிஸ்ட் எனப்படுபவர் பெரும்பாலும் பள்ளி, அங்கன்வாடி, விளையாட்டு, ஆராய்ச்சி போன்ற இடங்களில், மக்கள் கூட்டத்தின் ஊட்டச்சத்தைக் கவனிப்பவர். மூன்று மாத சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு 'டயட் கோச்' என்று போர்டு வைப்பவர் இந்த இரண்டிலும் சேர மாட்டார். எடை குறைக்க அவர் சொல்லும் யோசனை சிலருக்குப் பலிக்கலாம். டயாலிசிஸ் நோயாளிக்கு அவர் உணவு சொல்வது ஆபத்து.

வார்டில் நடப்பது என்ன?

ஓர் உதாரணம் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவருகிறது. டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. இவருக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். எடையில் கிலோவுக்கு சுமார் 0.8 கிராம் என்று வைத்தால், நாளுக்கு 48 கிராம். சில மாதங்கள் கழித்து அவருக்கு டயாலிசிஸ் தொடங்குகிறது. இப்போது கணக்கு தலைகீழ். டயாலிசிஸில் புரதம் இழக்கப்படுவதால் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவை. அதாவது 60 முதல் 72 கிராம். 'கிட்னி நோய் என்றால் பருப்பு, முட்டை தொடக்கூடாது' என்று பக்கத்து வீட்டில் சொன்னதை நம்பி இவர் பழைய பத்தியத்தையே தொடர்ந்தால் உடல் தேய்ந்துபோகும்.

48-க்கும் 72-க்கும் இடையே உள்ள 24 கிராமை எங்கிருந்து கொண்டுவருவது? ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஆக நான்கு முட்டை போதும் என்று தோன்றும். ஆனால் மஞ்சள் கருவில் பாஸ்பரஸ் அதிகம். அதுவும் இவருக்கு ஆகாது. வெள்ளைக் கருவை மட்டும் எடுத்தால் ஒன்றுக்கு மூன்றரை கிராம்தான் தேறும். ஆறேழு முட்டை வேண்டும். கார்த்திகையில் மாலை போட்டிருப்பவராக இருந்தால் அதுவும் கிடையாது. பருப்புப் பக்கம் போனால் பொட்டாசியம் வந்து நிற்கும். தயிர், பனீர், அளந்த பருப்பு என்று பங்கிட்டு, காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டச் சொல்லி, அந்த வீட்டின் சமையலுக்கும் செலவுக்கும் அடங்குகிற மாதிரி ஒரு டயட் சார்ட் எழுத வேண்டும். எழுதியதை நோயாளியின் மனைவிக்கோ மகளுக்கோ புரியும்படி சொல்லவும் வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பொறுப்பு இன்னும் கூடும். மூக்கு வழியாக ட்யூபில் போகும் உணவுக்கு மில்லி லிட்டர், கலோரி, புரதம் எல்லாம் கணக்கு. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு, பாவம் என்று ஒரேயடியாகச் சத்துணவைக் கொட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைவாகத் தொடங்கி, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். உயிர்வேதியியலும் உடலியங்கியலும் இந்தப் படிப்பில் முக்கிய பாடங்களாக இருப்பது இதற்காகத்தான்.

நம் பக்கத்தில் வளர்ந்த துறை

இந்தியாவில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி தொடங்கியது நம் குன்னூரில். 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி கண்டது. புழுங்கலரிசி சாப்பிட்ட பகுதிகள் பெரும்பாலும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆரணி ஆலைகளில் நெல் அவிக்கும் வேலைக்குப் பின்னால் இப்படி ஒரு மருத்துவம் இருக்கிறது.

அந்த நிறுவனத்தை இந்தியா முழுக்க அறியச் செய்த டாக்டர் சி. கோபாலன் சேலத்துக்காரர். இந்திய உணவுகளின் சத்து அளவுகளை அவரும் சக ஆய்வாளர்களும் தொகுத்த புத்தகம் தலைமுறை தலைமுறையாக மாணவர் கையில் இருந்தது. 2017-ல் அந்நிறுவனம் வெளியிட்ட புதிய அட்டவணையில் 528 உணவுகள் உள்ளன. டயட் சார்ட் எழுதுபவருக்கு அன்றாடம் கைகொடுப்பது இந்த அட்டவணைதான்.

கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியின் முதல்வராக இருந்து, பின்னர் அது பல்கலைக்கழகமானபோது துணைவேந்தராகவும் வேந்தராகவும் ஆனவர் ராஜம்மாள் தேவதாஸ். 1919-ல் பிறந்தது செங்கத்தில், நம் திருவண்ணாமலை மாவட்டம்தான். சென்னை ராணி மேரி கல்லூரியில் மனையியல் படித்து, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

படிப்பின் படிகள்

பிளஸ் டூவில் உயிரியல், வேதியியல் உள்ள குரூப் எடுத்தவர்களுக்கு வழி நேரானது. மனையியல் குரூப் படித்தவர்களையும் சில கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளும்.

அடுத்து இளநிலைப் பட்டம். 'ஊட்டச்சத்தும் உணவுமுறையும்', 'கிளினிக்கல் நியூட்ரிஷன்', 'மனையியல்' என்று பெயர் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். உடலியங்கியல், உயிர்வேதியியல், உணவு அறிவியல், நுண்ணுயிரியல், நோய்க்கான உணவுமுறை, சமூக ஊட்டச்சத்து, பெரிய சமையற்கூட நிர்வாகம், புள்ளியியல் ஆகியவை பொதுவான பாடங்கள்.

அதன்பின் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி., அல்லது உணவுமுறையில் முதுநிலை டிப்ளமா. கூடவே ஆஸ்பத்திரியில் இன்டெர்ன்ஷிப். இவற்றை முடித்தவர்கள் இந்திய உணவுமுறை வல்லுநர் சங்கம் நடத்தும் தேர்வை எழுதலாம். தேறினால் 'ரெஜிஸ்டர்ட் டயட்டீஷியன்', சுருக்கமாக ஆர்.டி. நல்ல ஆஸ்பத்திரிகள் வேலைக்கு எடுக்கும்போது இதைப் பார்க்கும்.

ஆர்.டி. என்பது தொழில்முறைச் சங்கம் தரும் தகுதி. அரசு உரிமம் அல்ல. அரசுப் பதிவுக்கு வேறு வழி வந்திருக்கிறது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழிலர் தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் டயட்டீஷியனும் நியூட்ரிஷனிஸ்டும் இடம்பெற்றுள்ளனர். மாநிலந்தோறும் கவுன்சில் அமைத்து, தகுதி உள்ளவர்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்கிறது சட்டம். சுகாதாரத் தொழிலருக்கான பட்டம் குறைந்தது 3,600 மணி நேரம் கொண்டதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2025-ல் ஆணையம் இந்தத் துறைக்கான புதிய பாடத்திட்டத்தையும் வெளியிட்டது. ஆகவே அக்கா படித்த பாடத்தையும் ஆண்டுக் கணக்கையும் நம்பித் தங்கை சேரக்கூடாது. சேரும் ஆண்டின் விதி என்ன என்று கல்லூரியிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து இந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியாகவோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. உணவு, ஊட்டச்சத்து அறிவியலும், கிளினிக்கல் நியூட்ரிஷனும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன. 'வீட்டிலிருந்தே டயட்டீஷியன் பட்டம்' என்ற விளம்பரத்துக்கு இனிப் பணம் கட்டாதீர்கள்.

எந்தக் கல்லூரி?

மேலே சொன்ன சிறுநீரக நோயாளியின் கணக்கு வகுப்பறையில் புரியும். ஆனால் கைக்கு வருவது வார்டில்தான். அதனால் படிப்பின் பெயரையும் கட்டடத்தையும் விட, அந்தக் கல்லூரிக்குப் பின்னால் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

திருவண்ணாமலைக்காரர்களுக்குப் பக்கம் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் பட்டதாரிகளுக்கான உணவுமுறை முதுநிலை டிப்ளமா நெடுங்காலமாக நடக்கிறது. சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, எத்திராஜ் கல்லூரி, ராணி மேரி கல்லூரி, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா ஆகியவை, கோவையில் அவினாசிலிங்கம். இவற்றில் பல பெண்களுக்கு மட்டுமானவை. பையன்கள் மருத்துவப் பல்கலைக்கழகங்களையும் இருபாலர் கல்லூரிகளையும் பார்க்க வேண்டும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை இவை:

- இன்டெர்ன்ஷிப் எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை வாரம்? இடத்தைக் கல்லூரியே ஏற்பாடு செய்யுமா, நாமே தேட வேண்டுமா?
- டயாலிசிஸ், தீவிர சிகிச்சை, குழந்தைகள் வார்டு மூன்றிலும் அனுப்புவார்களா?
- இந்தப் பட்டத்தோடு ஆர்.டி. தேர்வு எழுத முடியுமா? சென்ற ஆண்டு முடித்தவர்களில் யாராவது எழுதினார்களா?
- புதிய ஆணையத்தின் பாடத்திட்டப்படி நடத்துகிறார்களா?

முதல் கேள்விக்கே மழுப்பலான பதில் வந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

வேலை எங்கே?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்றது. நோயின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி. சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு அது. இத்தனை பேருக்கும் சோற்றின் அளவைச் சொல்ல ஆள் வேண்டும். தனியார் ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் மையம், சர்க்கரை நோய் கிளினிக், விளையாட்டு அகாடமி, உணவுத் தயாரிப்பு நிறுவனம் என்று வேலைகள் உண்டு. அரசுப் பக்கம் குழந்தை வளர்ச்சித் திட்டப் பணிகளுக்கு இந்தப் பட்டம் உதவும். ஆசிரியராக விரும்புவோர் மனையியல் பாடத்தில் நெட் தேர்வு எழுதலாம். தொடக்கச் சம்பளம் பல இடங்களில் குறைவுதான் என்பதையும் தெரிந்துகொண்டே வாருங்கள். ஆர்.டி.யும் வார்டு அனுபவமும் சேரச் சேரத்தான் மதிப்பு கூடும்.

வெளிநாட்டுக் கனவு இருந்தால் விதிகள் கடுமை. அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 முதல் முதுநிலைப் பட்டம் இல்லாமல் டயட்டீஷியன் தேர்வுக்கே தகுதி கிடையாது. பிரிட்டனில் பதிவு செய்யாதவர் 'டயட்டீஷியன்' என்று சொல்லிக்கொள்வது சட்டப்படி குற்றம்.

உங்களுக்கு ஒத்துவருமா?

ஒரு சின்னச் சோதனை. உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி ஒருவருக்கு நாளுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 30 நாளைக்கு 600 கிராம். உங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாளில் தீர்கிறது என்று பாருங்கள். இட்லி மாவில் எவ்வளவு, குழம்பில் எவ்வளவு, கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், மிக்சரில் வரும் உப்பு தனி என்று பிரித்து எழுதுங்கள். பிறகு, ருசி கெடாமல், அம்மாவும் பாட்டியும் சண்டைக்கு வராமல், அதில் கால் பங்கைக் குறைத்துக் காட்டுங்கள். கணக்கு போடுவதும் பிடித்து, பாட்டியைச் சம்மதிக்க வைப்பதும் பிடித்திருந்தால் தைரியமாக விண்ணப்பம் வாங்குங்கள். கணக்கு மட்டும் பிடித்தால் உணவு ஆராய்ச்சிப் பக்கம் போகலாம். இரண்டும் அலுப்பாக இருந்தால், மார்க் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் இதில் சேராதீர்கள்.